"பார்க்கலாம்க்கா" என்று சொல்பவனிடம்...

கேள்வி: தம்பிக்கு 24 வயது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு வந்திருக்கிறான். கிளினிக் தேதியை நினைவூட்டினால் "பார்க்கலாம்க்கா" என்கிறான். சின்ன ஏற்பாடுகளாலேயே ஒருவர் முடிவைத் திருப்பலாம், அதற்கு 'நட்ஜ்' என்று பெயர் என்கிறார்களே, இங்கே உதவுமா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உதவும். ஆனால் அது வைத்தியம் அல்ல, வைத்தியம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி.

"பார்க்கலாம்க்கா" பிடிவாதமாக இருக்க வேண்டியதில்லை. சோர்ந்த மனசுக்கு லீவு கேட்பதும் பஸ் பிடிப்பதும்கூட மலைதான். எனவே "போறியா?" என்று கேட்காமல், "புதன் காலை ஏழரைக்கு மாமா கார், நானும் வர்றேன்" என்று சொல்லுங்கள். லீவை முன்கூட்டியே சொல்லிவிடச் செய்யுங்கள். மறுத்தால் தேதியை மாற்றுங்கள், ரத்து செய்யாதீர்கள்.

அவன் தெளிவாக இருக்கும் ஒரு மாலையில், கவுன்சலர் துணையோடு பாதுகாப்புத் திட்டம் எழுதட்டும். ஸ்டான்லி, பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த முறை இது. முதலில் அபாய அறிகுறிகள். பிறகு தனியாகச் செய்யக்கூடியவை, மனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவ எண்கள், கடைசியாக வீட்டை ஆபத்தில்லாமல் வைப்பது. அபாய அறிகுறியாக "மனசு சரியில்லை" என்று எழுதினால் வேலைக்காகாது. "ரெண்டு ராத்திரி தூங்கல, போனை எடுக்கல" என்று அவன் பேச்சிலேயே இருக்கட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் தாள். மனம் விட்டுப் பேச உதவும் தொலைபேசிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸ் எண்ணை (03-7627 2929, 24 மணி நேரமும்) அவன் போனின் முதல் திரையிலேயே வைக்கச் சொல்லுங்கள். நள்ளிரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வீட்டில் களைக்கொல்லியோ கூடுதல் மாத்திரைகளோ இருந்தால் வெளியே அனுப்புங்கள். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும், கைக்கெட்டாத தூரமே காப்பு. பெட்டியில் பூட்டினால் போதாதா? இலங்கையில் பல்லாயிரம் வீடுகளோடு நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. பூச்சிமருந்துக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்தும் பலன் தெரியவில்லை. சாவியும் அதே வீட்டில்தானே! தம்பியின் மருந்தை டாக்டரிடம் கேட்டு வாரத்துக்கு வாரம் வாங்குங்கள்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. போலீஸ் பயமும் வேண்டாம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. "ஆமாம், இன்றைக்கே" என்றால் தனியே விடாமல் 999-ஐ அழையுங்கள்.