சிறிய வங்கியை யார் தாக்கப்போகிறார்கள்?

கேள்வி: எங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கி போன்ற சிறிய நிறுவனங்களை இணையத் திருடர்கள் பொருட்படுத்துவார்களா? இந்திய நிறுவனங்களின் நிலை எப்படி இருக்கிறது?
– வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாகப் பொருட்படுத்துவார்கள். புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 2018 ஆகஸ்டில் புகுந்தவர்கள், ஏடிஎம் கோரிக்கைகளுக்கு ஒப்புதல் தரும் சர்வருக்குப் பதிலாகப் போலிச் சர்வர் ஒன்றை விடையளிக்கச் செய்து, கணக்கில் இருப்பு உண்டா என்ற சோதனையே நடக்காதபடி 28 நாடுகளில் போலி அட்டைகளால் பணம் எடுத்தார்கள். வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பப் பயன்படுத்தும் தகவல் வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங்குக்கு அனுப்பியதையும் சேர்த்து இழப்பு சுமார் 94 கோடி ரூபாய்.

அது பெரிய வங்கிதானே என்பீர்கள். 2024 ஜூலையில், சிறிய வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரலான ரான்சம்வேரால் தாக்கப்பட்டபோது, சுமார் 300 வங்கிகளின் பணப் பரிமாற்றம் முடங்கியது. அவற்றை யாரும் தனித்தனியே குறிவைக்கவில்லை.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2022 நவம்பரில் இணையத் தாக்குதலால் முடங்கிப் பல நாள்கள் கையால் சீட்டு எழுத நேர்ந்ததற்கு, ஒரு பகுதியில் புகுந்தவர் மற்ற பகுதிகளுக்குப் பரவ முடியாதபடி உள்வலையமைப்பு சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இத்தகைய தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022 முதலே இருக்கிறது; ஆனால், தாக்கப்பட்டதையே உணராத நிறுவனம் எதைத் தெரிவிக்கும்?

நீங்கள் உறுப்பினர் என்றால், வங்கியின் மென்பொருளை யார் நடத்துகிறார்கள், வலையமைப்போடு இணைக்கப்படாத காப்பு நகல் உண்டா, அதிலிருந்து தரவை மீட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று பொதுப்பேரவைக் கூட்டத்தில் கேளுங்கள்.