ஸ்நோ புளோவரில் (வாசல் பனியை அள்ளி வீசும் மெசின்) பனி அடைக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

மெசினை வீட்டோடு ஒட்டிய கதகதப்பான கராஜுக்குள்தானே வைத்திருக்கிறீர்கள்? அப்படியென்றால் பாதிக் குற்றம் அங்கேதான்.

நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். 2022 ஜனவரி 17, ரொறொன்ரோ நகர மையத்தில் 55 சென்டிமீட்டர் கொட்டிய நாள். ஸ்காபரோவில் எங்கள் வாசலில் முழங்கால் அளவு. கராஜிலிருந்து நேரே இறக்கினேன். சூடான தகட்டில் பட்ட பனி உருகி, குளிரில் உடனே உறைந்து, அதன்மேல் அடுத்தது ஒட்டி, பத்தடி போகுமுன் வீசும் குழாய் விக்கி நின்றுவிட்டது.

எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்தியாயிற்றே என்ற துணிவில் கையை விட்டுக் கட்டியைத் தோண்டினேன். கட்டி நெகிழ்ந்த நொடியில் உள்ளே விசிறி கால் சுற்றுச் சுற்றியது. பெல்ட்டில் தேங்கியிருந்த இழுவை. கையுறையின் நடுவிரல் நுனி கிழிந்தது, நகம் கறுத்து விழுந்தது. ‘நிறுத்திய மெசின் எப்படிச் சுற்றும்’ என்று வாதாட வருகிறவர்களுக்கு நகத்தின் படம் இருக்கிறது. குத்திவிட மெசினிலேயே ஒரு பிளாஸ்டிக் கம்பு செருகியிருக்கும். இல்லாவிட்டால் விளக்குமாற்றுத் தடி. கை வேண்டாம்.

நான் மெக்கானிக் இல்லை, என் அனுபவம் மட்டும். இப்போதெல்லாம் அரை மணி நேரம் முன்பே மெசினை வெளியே ஆறவிடுகிறேன். குழாயைத் துடைத்து சிலிக்கோன் ஸ்பிறே அடிக்கிறேன். சமையல் எண்ணெய் ஸ்பிறேயும் உதவும், ஆனால் சீக்கிரம் போய்விடும், வீட்டிலும் திட்டு விழும். எஞ்சின் முழு வேகம், நடை மெதுவாக. பூச்சியத்தை ஒட்டிய ஈரப் பனியென்றால் பாதி அகலம்தான் எடுப்பேன். முடிந்தபின் ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் உள்ளே மிஞ்சியது வெளியே வந்துவிடும். நகரசபை வண்டி வாசலில் தள்ளிவிட்டுப் போகும் உப்புச் சேற்றுக்குச் சவள்தான்.

சரி, இவ்வளவும் செய்து போன வருடம் திரும்பவும் அடைத்தது. மச்சான் இரவல் வாங்கிப்போய், ஷியர் பின் (பனியை உள்ளே இழுக்கும் திருகைத் தண்டோடு பிணைக்கும் சிறு ஆணி) ஒன்று முறிந்ததைச் சொல்லாமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஒரு பக்கத் திருகு சுற்றவே இல்லை, பனி அங்கேயே குவிந்தது. கேட்டால், ‘நான் எடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது’ என்கிறார். பெற்றோல் தாங்கியும் காலி. கோடையில் வாங்கிப்போன புல்வெட்டி இன்னும் அவர் வீட்டில்தான் நிற்கிறது.