ஷெர்மனை விட்டுக்கொடுக்காத கிராண்ட்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெயித்துக் கொடுத்த வடக்குத் தளபதி ஷெர்மனை அவருடைய அரசாங்கமே துரோகி போலப் பேசியதாமே, என்ன நடந்தது சார்?

பதில்: 1865 ஏப்ரல் 18. லிங்கன் இறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வட கரோலினாவில் டர்ஹாம் அருகே, பென்னட் என்ற விவசாயியின் வீட்டில் ஷெர்மனும் தெற்குத் தளபதி ஜான்ஸ்டனும் ஒப்பந்தம் போட்டார்கள். படை சரணடைவதோடு ஷெர்மன் நிறுத்தியிருக்கலாம். தென் மாநில அரசுகளுக்கு அங்கீகாரம், மக்களுக்கு அரசியல் உரிமை, சொத்துரிமை என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிட்டார். அமைச்சரவை 21ஆம் தேதி அதை நிராகரித்தது. சரி, அதோடு விட்டார்களா? போர் அமைச்சர் ஸ்டான்டன் விவகாரத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். தெற்கின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் தங்கத்தோடு தப்பிக்க ஷெர்மன் வழிவிடுகிறார் என்று படிப்பவர்கள் சந்தேகப்படும்படி இருந்தது அந்த அறிக்கை.

கேள்வி: தலைமைத் தளபதி கிராண்ட் எதிர்த்துப் பேசினாரா?

பதில்: ஒப்பந்தம் செல்லாது என்பதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நேரில் போய்ப் படை நடவடிக்கைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவருக்கு உத்தரவு. 24ஆம் தேதி ராலி நகருக்குச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார். நினைத்திருந்தால் பொறுப்பைத் தன் கையில் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. 'தெற்கின் இன்னொரு தளபதி லீ அபோமாட்டாக்ஸில் சரணடைந்தபோது நான் அவருக்குக் கொடுத்த நிபந்தனைகளையே கொடு' என்கிற அளவில் சொல்லிவிட்டு ராலியிலேயே இருந்துகொண்டார். 26ஆம் தேதி ஜான்ஸ்டனிடம் கையெழுத்து வாங்கியது ஷெர்மன்தான். சுமார் 89,000 பேர் சரணடைந்தார்கள். ஒப்புதல் கையெழுத்து மட்டும் கிராண்டுடையது. என் கணக்கில், பத்துப் பேட்டி கொடுப்பதைவிட இது பெரிய ஆதரவு.

கேள்வி: அப்போ ஷெர்மன் மேல் தப்பே இல்லை என்கிறீர்களா?

பதில்: தப்பு இருந்தது. ஆனால் எதிரியோடு அரசியல் விஷயம் பேசக்கூடாது என்று மார்ச் 3ஆம் தேதி கிராண்டுக்கு வந்த உத்தரவை ஷெர்மனுக்கு யாரும் அனுப்பி வைக்கவில்லையே!

கேள்வி: கிராண்ட் இதை நட்புக்காகச் செய்ததுதானே, ஐயா?

பதில்: நட்பும் உண்டு. 1862இல் ஷைலோ சண்டைக்கு அப்புறம் கிராண்ட் ஓரங்கட்டப்பட்டு, மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப இருந்தபோது தடுத்து நிறுத்தியவர் ஷெர்மன். அதற்குச் சில மாதம் முன்புதான் பத்திரிகைகள் ஷெர்மனைப் பைத்தியம் என்று எழுதியிருந்தன.

கேள்வி: ஸ்டான்டனோடு ஷெர்மன் பிறகு சமாதானம் ஆனாரா?

பதில்: மே 24 வாஷிங்டன் வெற்றி அணிவகுப்பில், மேடையில் எல்லோர் முன்னிலையிலும் ஸ்டான்டனுக்குக் கை கொடுக்க மறுத்துவிட்டார். அதே மேடையில் கிராண்டுக்குக் கை கொடுத்தார்.