படம் பார்த்துவிட்டு பொன்னியின் செல்வனில் மாட்டிக்கொண்டவருக்கு

இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு நாவலை எடுத்தீர்கள், முதல் பாகமான 'புது வெள்ளம்' நூறு பக்கத்திலேயே நிற்கிறது, 'முடிவுதான் தெரியுமே, விட்டுவிடலாமா' என்கிறீர்கள். விடாதீங்க. முடிவு உங்களுக்குத் தெரியாது! அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன் விஷயத்தைப் படம் வேறு மாதிரி முடித்துவிட்டது. புத்தகத்தில் அங்கேதான் பெரிய திருப்பமே. மணிமேகலை என்றொரு பெண் படத்தில் கிடையவே கிடையாது. கடைசி பாகம் முடிந்து எனக்கு மனசில் நின்றது அவள்தான்.

நீங்கள் செய்த தப்பு, ஒரே மூச்சில் நூறு பக்கம் படித்தது என்று நினைக்கிறேன். இது 1950 முதல் கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும், அடுத்ததில் பழையதை ஆசிரியர் கல்கி நினைவுபடுத்துவார். சேர்த்துப் படித்தால் அதுவே சலிப்பு. ராத்திரிக்கு மூன்று அத்தியாயம், போதும்.

முதல் காட்சியை மட்டும் மறுபடி படியுங்கள். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் மெதுவாகப் போகிறான், மதகுகளை எண்ணிக்கொண்டே. அவசர வேலையாகப் போகிறவன் இப்படி வேடிக்கை பார்ப்பானா? அவன் யாரென்று அதிலேயே தெரிந்துவிடும். வைணவ பக்தன் ஆழ்வார்க்கடியானின் சைவ வைணவச் சண்டை இழுத்தால் லேசாகத் தாண்டுங்கள், பாவமில்லை (நானும் தாண்டினேன்). ஆனால் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுச் சதிக் கூட்டத்தில் ஒரு வரியும் விடக்கூடாது.

பெயர்கள் குழம்பினால் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு வம்சாவளி போட்டுக்கொள்ளுங்கள். சுந்தர சோழரின் மூன்று பிள்ளைகளில் ஆரம்பியுங்கள். அப்புறம் வந்தியத்தேவன் என்றாலே படத்தில் நடித்த கார்த்தி முகம் கண்முன் வருவதைத் தடுக்க முடியாது, எனக்கும் வந்தது. இரண்டாம் பாகத்தில் படகில் ஓடக்காரப் பெண் பூங்குழலி வந்த பிறகு அது தானாக மறைந்துபோனது.