புரூனெல் கட்டியவற்றைப் பார்க்க ஒரு நாள்

கேள்வி: மே மாதம் லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறேன். பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படிக்கும் காலத்திலிருந்தே 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல் கட்டியவற்றை நேரில் பார்க்க ஆசை. ஒரு நாள்தான் கிடைக்கும். எங்கே போகலாம்?

பதில்: ஒரே நாள் என்றால் லண்டனில் சுற்றாதீர்கள், பிரிஸ்டலுக்குப் போய்விடுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு.

லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறும்போதே அண்ணாந்து பாருங்கள், 1854-இல் திறந்த அந்த வளைவுக் கூரை அவருடையது. நீங்கள் போகும் பாதையும் அவர் போட்டதுதான். 1841-இல் முழுதாகத் திறந்தபோது அவருக்கு வயது 35. சற்று நேரத்தில் மெய்டன்ஹெட்டில் தேம்ஸைத் தாண்டுவீர்கள். ரயிலுக்குள்ளிருந்து ஒன்றும் தெரியாது; ஆனால் உங்களைத் தாங்குவது 128 அடி நீளத்துக்கு 24 அடி மட்டுமே எழும் செங்கல் வளைவு. இவ்வளவு தட்டையாக இருந்தால் நிற்காது என்று அன்றே சொன்னார்கள்.

பிரிஸ்டலில் முதலில் 'கிரேட் பிரிட்டன்' கப்பல். 1843-இல் வெள்ளோட்டம் விட்டது. இரும்பு உடலும் பின்புறச் சுழல்விசிறியும் சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கப்பல் இதுதான். பால்க்லாந்து தீவில் கைவிடப்பட்டுக் கிடந்ததை 1970-இல் இழுத்து வந்து, கட்டிய அதே உலர்துறையில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பல் வேலை செய்யும் பள்ளம்) நிறுத்தியிருக்கிறார்கள். மேல்தளத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கீழே இறங்குங்கள். நீர்மட்டத்தில் கண்ணாடி பதித்து, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அடியில் நின்றால் துருவில் ஓட்டை விழுந்த தகடுகள் கைக்கெட்டும் தூரத்தில். உப்பேறிய இரும்பு இனியும் அரிக்காமலிருக்க, அங்குள்ள காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீதத்தை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். பராமரிப்புப் பணி பார்த்தவர் என்றால் அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

பிறகு கிளிஃப்டன் தொங்குபாலம். ஏற்றம் அதிகம், முழங்கால் வலி இருந்தால் பேருந்தில் போங்கள். நடந்து கடக்கக் கட்டணம் இல்லை. கம்பி வடம் தேடாதீர்கள்: தட்டையான இரும்புப் பட்டைகளை ஆணியால் கோத்த சங்கிலிகள் அவை, புரூனெல் லண்டனில் கட்டிய ஹங்கர்ஃபோர்ட் பாலத்தைப் பிரித்தபோது கிடைத்தவை. பாலம் முடிந்தது 1864-இல்; அவர் 1859-இலேயே இறந்துவிட்டார். அதைக் கட்டி முடித்த பொறியாளர்கள் ஹாக்‌ஷாவும் பார்லோவும் வடிவமைப்பையும் கொஞ்சம் மாற்றினார்கள். அதனால் முழுக்க அவர் பாலம் என்று நான் சொல்லமாட்டேன்.

லண்டனில் இன்னொரு மாலை கிடைத்தால் ராதர்ஹைத்திலிருந்து வாப்பிங்குக்கு ரயில் ஏறுங்கள். புரூனெலின் அப்பா மார்க் தோண்டிய தேம்ஸ் சுரங்கம் அது. 1828-இல் வெள்ளம் புகுந்தபோது மகன் உயிர் தப்பியதே பெரிது. வாப்பிங்கில் இறங்கி நடைமேடையின் கோடிக்குப் போனால் இரட்டை வளைவு வாயில் தெரியும்.