பிருடையைக் கழற்றிப் பார்க்கும் மகளை எந்தக் கோர்ஸில் சேர்ப்பது?

மகள் பிளஸ் டூ, கணக்கு–கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பல வருஷமாக வீணை வாசிக்கிறாள். இப்போது வாசிப்பதைவிட, பிருடையை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் மரத் திருகு) கழற்றி மாட்டுவதில்தான் ஆர்வம். "வாத்தியம் டிசைன் பண்ணப் போகிறேன்" என்கிறாள். இதற்குப் படிப்பு இருக்கிறதா, இது சோறு போடுமா, அவள் செய்வதற்குப் பேடன்ட் (காப்புரிமை) கிடைக்குமா? இதுதானே அம்மா உங்கள் கவலை?

சோறு போடும். ஆனால் வீணையை மட்டும் நம்பினால் போடாது. படிப்பைப் பொறுத்தவரை, 'வாத்திய வடிவமைப்பு' என்ற பெயரில் ஒரு பட்டத்தைத் தேடி நாளைக் கழிக்காதீர்கள். பெயர் எதுவாக இருந்தாலும் அதிர்வு, பொருள்களின் தன்மை, உதிரிபாக வடிவமைப்பு ஆகிய மூன்றையும் கற்றுத் தரும் படிப்பாக இருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் முதலில் வருவது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். அவள் குரூப்புக்குத் தமிழ்நாடு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கிலேயே கிடைக்கும். பிராஞ்ச் பெயரைவிட, விருப்பப் பாடமாக 'வைப்ரேஷன்ஸ்' நடத்துகிறார்களா, மாணவர்களே தொட்டு வேலை செய்யும் ஒர்க்‌ஷாப் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் கருவி), ஆம்ப்ளிஃபயர் பக்கம் மனசு போகிறதென்றால் இ.சி.இ.

இன்னொரு வழி பி.டெஸ். என்கிற வடிவமைப்புப் பட்டம். ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். படிப்புக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவர்களும் எழுதலாம். அக்டோபர் வாக்கில் பதிவு, ஜனவரியில் தேர்வு. பகுதி 'பி'யில் கையால் வரைய வேண்டும். அகமதாபாத் என்.ஐ.டி.க்கு (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) தனித் தேர்வு. இவர்கள் முக்கியமாகப் பார்ப்பது பிளஸ் டூ மார்க்கை அல்ல, ஒரு பொருளை எப்படிப் பார்க்கிறாள் என்பதை. பிருடையைக் கழற்றும் பெண்ணுக்கு இது சாதகம்தான். ஆனால் இடங்கள் மிகக் குறைவு, அதனால் இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

வேலைக்கு வருவோம். கார் கம்பெனிகளில் என்.வி.எச். என்றொரு பிரிவு உண்டு. வண்டியின் சத்தம், அதிர்வு, உறுத்தல் ஆகியவற்றைக் குறைப்பதுதான் அவர்கள் வேலை. சுத்தியலால் தட்டி, சென்சார் ஒட்டி, எந்தப் பாகம் எந்த அதிர்வெண்ணில் நடுங்குகிறது என்று கண்டுபிடிப்பார்கள். வீணையின் குடத்துப் பலகையைத் தட்டிப் பார்ப்பதும் கார்க் கதவைத் தட்டிப் பார்ப்பதும் கணக்கில் ஒன்றே. சென்னையைச் சுற்றி இத்தனை கார் ஆலைகள் இருக்கும்போது இதைவிட நல்ல பின்வாசல் கிடையாது. வாத்தியத் தொழிலிலேயே வேலை வேண்டுமானால், சென்னை அருகே யமஹா ஆலையில் கீபோர்டும் கிட்டாரும் தயாராகின்றன. பெங்களூர் ரேடல் நிறுவனத்தின் மின்னணுத் தம்புராவை உருவாக்கிய ஜி. ராஜ் நாராயண், ஒரே சமயத்தில் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞரும்தான். அந்த இரட்டைத் தகுதி உங்கள் மகளுக்கும் வர வேண்டும். எனவே எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் வீணை வகுப்பை நிறுத்தாதீர்கள்.

கல்லூரி திறக்கும்வரை அவள் என்ன செய்யலாம்? புதிய வீணையைக் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரே ஒரு பழுதை எடுத்துக்கொண்டு, அது ஏன் வருகிறது என்று அளந்து எழுதட்டும்.

பிருடையையே எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மரம் ஊதிப் பிருடை இறுகிக்கொள்கிறது, ஏ.சி. அரங்கில் மரம் காய்ந்து நழுவுகிறது, பாதி வர்ணத்தில் சுருதி இறங்குகிறது. சாக்பீஸ் தூள் தடவினால் பிடிக்கும், சோப்புத் தடவினால் இளகும். ஆனால் சாக்பீஸ் உரசி உரசித் துளை பெரிதாகிவிடும், அப்புறம் பிருடையையே மாற்ற வேண்டியதுதான். பிருடைக்குப் பதில் கிட்டார் கீ (பல்சக்கரம் வைத்த உலோகத் திருகு) பொருத்திய வீணைகள் இன்று ஏராளம். 14 முறை திருகினால்தான் தந்தி சுற்றிய உருளை ஒரு சுற்றுச் சுற்றும் என்பதால் நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம். ஆனால் உலோகம் தலைப்பக்கத்தில் எடையைக் கூட்டுகிறது. உருளையின் உயரம் மாறுவதால், மேருவின் (தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் மேடு) மேல் தந்தி மடியும் கோணமும் மாறுகிறது. கோணம் குறைந்தால் தந்தி மேருவில் அழுந்தி உட்காராமல் இரைகிறது.

வயலின்காரர்கள் இதே தொல்லையை எப்படித் தீர்த்தார்கள் என்று அவள் பார்க்கட்டும். பிருடைக்கு உள்ளேயே பல்சக்கரத்தை ஒளித்துவைத்து, வெளியே பழைய மரப் பிருடை போலவே தெரியும்படி செய்தார்கள். ஒரு வகையில் விகிதம் 4:1, இன்னொன்றில் 8.5:1. தோற்றம் மாறாததால் வித்வான்கள் முகம் சுளிக்கவில்லை. வீணைக்கு அந்த அளவில், அந்தத் தந்தி இழுப்பைத் தாங்கும்படி ஒன்றைச் செய்ய என்ன தேவை என்று அவள் நான்கு பக்கம் எழுதினால், கல்லூரி நேர்முகத்தில் எந்தச் சான்றிதழையும்விட அது பேசும்.

இழுப்பைக் கணக்கிடுவது எளிது. மேருவிலிருந்து குதிரைவரை (குடத்தின் மேல் தந்தியைத் தாங்கும் பாலம்) 84 செ.மீ., முதல் தந்தியான சாரணி 0.30 மி.மீ. எஃகு, சுருதி 3 கட்டை, அதாவது சுமார் 165 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் இழுப்பு 4.3 கிலோ வரும். தந்தியை 0.33 மி.மீ. ஆக்கினால் இழுப்பு 21 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் அது விட்டத்தின் இருமடிப்படி ஏறுகிறது. பிளஸ் ஒன் இயற்பியல் பாடத்திலேயே இதற்கான சூத்திரம் இருக்கிறது.

அடுத்தது மெட்டு, அதாவது ஸ்வரம் பிடிக்கத் தந்தியை அழுத்தும் உலோகக் கட்டை. பெரும்பாலான 'கண்டுபிடிப்புகள்' கவிழ்வது இங்கேதான். மெட்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் மெழுகு வெயிலில் இளகுகிறது, கார் டிக்கியில் வைத்த வீணையில் மெட்டு நகர்ந்துவிடுகிறது. உடனே எல்லாருக்கும் தோன்றுவது, மெழுகை எடுத்துவிட்டு கிட்டார் மாதிரி மரத்திலேயே மெட்டைப் பதித்துவிடலாம் என்பதுதான். சூத்திரமும் கையிலேயே இருக்கிறது: மிச்சமிருக்கும் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் இடம். 84 செ.மீ.க்கு முதல் மெட்டு மேருவிலிருந்து 47.1 மி.மீ.யில், பன்னிரண்டாவது சரிபாதியில், இருபத்துநான்காவது 63 செ.மீ.யில். அப்படியே பதித்தால் அபஸ்வரம்தான். வீணையில் மெட்டு உயரமானது. தந்தியை அழுத்தும்போதே இழுப்பு ஏறி ஸ்வரம் சற்று மேலே போய்விடும். எவ்வளவு மேலே போகும் என்பது தந்தியின் பருமன், மெட்டின் உயரம் இரண்டையும் பொறுத்தது. கிட்டாரில் பிரிட்ஜ் முனையில் ஓரிரண்டு மி.மீ. தள்ளிச் சரிசெய்துவிடுகிறார்கள். வீணையில் மேளம் கட்டுகிறவர், அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதிப்பவர், ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு முன்பின் நகர்த்தி, கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் சாய்த்து உட்கார வைக்கிறார். 24 மெட்டையும் தனித்தனியாக மூன்று விதத்தில் திருத்த முடிகிறது, அதுவும் ஒரு சூடான இரும்புத் துண்டும் கொஞ்சம் மெழுகும் கொண்டு! மெழுகுதான் அங்கே கண்டுபிடிப்பு. அதற்கு மாற்று கொண்டு வருகிறவர், அது தரும் இந்தச் சுதந்திரத்தை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருகு வைத்த மெட்டு, தண்டவாளத்தில் நகரும் மெட்டு என்று அவள் எதை வரைந்தாலும் இந்த மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். திருகு தளர்ந்து இரைகிறதா என்பது நான்காவது சோதனை.

குதிரையில் மட்டும் இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம். அதன் மேல்தகட்டின் மெல்லிய வளைவில்தான் வீணையின் நாதமே இருக்கிறது. தந்தியை எங்கே மீட்டினாலும், அங்கே ஒலிக்கக் கூடாத மேற்சுரங்களும் ஒலிப்பதை சி.வி. ராமன் 1921-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் காட்டினார். வளைவு கொஞ்சம் தப்பினாலும் வீணை வறண்டுபோகும்.

பேடன்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதில் செய்யக்கூடாத முதல் தவறு, வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது. விண்ணப்பத்துக்கு முன்பே உலகறிய வெளியிட்டது இங்கே புதுமை ஆகாது. முதலில் தேடல்: தந்தி வாத்தியங்களுக்கான உலக வகைப்பாட்டு எண் ஜி10டி (G10D). சுருதி சேர்க்கும் சாதனங்கள் 3/14-இல் வரும், குதிரை போன்ற பாலங்கள் 3/04-இல். கூகுள் பேடன்ட்ஸிலும் இந்தியப் பேடன்ட் அலுவலகத்தின் தேடுதளத்திலும் இந்த எண்ணைப் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்தால், அவளுக்குத் தோன்றியதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருப்பது தெரியும். சோர்ந்துபோக வேண்டாம், மிச்சமிருக்கும் அந்தச் சிறுபகுதிதான் அவளுடையது.

1970-ஆம் ஆண்டுப் பேடன்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகளை அவள் படித்தே ஆக வேண்டும். தெரிந்த கருவிகளைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது கண்டுபிடிப்பல்ல என்கிறது 3(எஃப்). கிட்டார் கீயை அப்படியே வீணையில் மாட்டினால் இந்த ஆட்சேபம்தான் வரும். மரபு அறிவைப் புதிது என்று காட்டக்கூடாது என்கிறது 3(p). இரண்டையும் தாண்டும் ஒன்று கையில் இருந்தால் தற்காலிக விண்ணப்பம் போடலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணை தர வேண்டும், இல்லாவிட்டால் அது காலாவதி. விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். புதுமை வேலைசெய்யும் விதத்தில் அல்லாமல் தோற்றத்தில் மட்டும் என்றால் அதற்கு டிசைன் பதிவு: 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

பணம் கொடுத்தால் பேடன்டில் பெயர் சேர்க்கிறோம், வெளிநாட்டு டிசைன் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். பிரிட்டனில் டிசைன் பதிவின்போது புதுமையைச் சோதிப்பதே கிடையாது. விவரம் தெரிந்த தேர்வாளர் அதைப் பார்த்தால் சிரிப்பார். கல்லூரி ஆய்வகத்தில் செய்தது கல்லூரிக்கே சொந்தம் என்று சில இடங்களில் விதி உண்டு. சேரும்போதே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பட்டம் முடித்து 21 வயதானதும், பிறருக்காகப் பேடன்ட் விண்ணப்பம் போட்டுத் தரும் பேடன்ட் ஏஜென்ட் ஆவதற்கான தேர்வையும் எழுதலாம். இன்ஜினீயரிங் பட்டமே போதும், சட்டப் படிப்பு தேவையில்லை.

இந்த விடுமுறையில் முடிந்தால் தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறைக்கு அவளை இரண்டு நாள் அழைத்துப் போங்கள். மேளம் கட்டும் நாளாகப் பார்த்துப் போவது நல்லது. ஸ்கேலும் நோட்டும் கையில் இருக்கட்டும். தன் ஐடியாவை முதல் நாளே சொல்ல வேண்டாம். பழுதுபார்க்க வரும் வீணைகளில் எந்தக் குறை அதிகம் என்று கேட்டு, வந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளட்டும். எந்தப் பழுதில் வேலை தொடங்குவது என்பது அந்தப் பட்டியலிலிருந்தே தெரிந்துவிடும்.