கத்திரி வெயிலில் மனம் அடங்குமா?

வெயில் காலத்தில் தியானத்துக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தாலே எரிச்சல் வருகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வெயிலோடு மல்லுக்கட்டாதீர்கள். வடசென்னையில் கடல் ஈரத்தால் வியர்வை சீக்கிரம் காயாது; சூட்டைத் தணிக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது. அந்தச் சோர்வைச் சோம்பல் என்று திட்டாமல், அதன் வேகத்துக்கே இறங்கி வாருங்கள்.

மதியம் தரையில் உட்கார்ந்து பானைத் தண்ணீரை ஒவ்வொரு மடக்காகக் குடியுங்கள். தொண்டையில் இறங்கும் குளிர்ச்சி நெஞ்சுக்குக் கீழே எங்கே மறைகிறது என்று கவனியுங்கள். என்னைக் கேட்டால் இதுவே ஜபம்தான்.

அப்புறம், சாயங்காலம் கடற்காற்று வந்ததும் திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்குப் போங்கள். எல்லாவற்றையும் துறந்தவர் அடங்கிய இடம், கடலுக்குப் பக்கத்திலேயே. வேண்டுதல் ஏதுமில்லாமல் சும்மா இருங்கள். தலை சுற்றினால் மட்டும் தியானம் என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே நிழலுக்குப் போய்விடுங்கள்.